கோட்டுக்கு வெளியே பிறந்த ஊர்

1971-ல் கோயம்புத்தூர் நகரத்தின் மக்கள்தொகை 3,56,368. பத்து வருஷம் கழித்து, 1981-ல், 7,04,514. அதே பத்தாண்டில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 4.12 கோடியிலிருந்து 4.84 கோடிக்குத்தான் ஏறியது, நூற்றுக்குப் பதினேழரை. மாநிலமே பதினேழரை ஏறும்போது ஒரு நகரம் மட்டும் எப்படி இரட்டிப்பாகும்? கோவையில் மட்டும் பிரசவ ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தனவா? அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. ரயில் ரயிலாக ஆட்கள் வந்து இறங்கினார்களா? வந்தார்கள்தான், ஆனால் இந்த அளவுக்கு இல்லை.

நடந்தது இதுதான். 1981-ல் கோவை மாநகராட்சி ஆனது. பக்கத்தில் தனி நகராட்சியாக இருந்த சிங்காநல்லூரும், சுற்றியிருந்த பல ஊராட்சிகளும் அதற்குள் சேர்ந்தன. கணக்கெடுப்பில் வந்த எண் இந்தப் புதிய எல்லைக்குரியது. சிங்காநல்லூர்க்காரர் ஒருவர் இருந்த இடத்தைவிட்டு ஒரு அடி நகராமல் கோயம்புத்தூர்க்காரர் ஆகிவிட்டார்.

ஓர் ஊரின் ஜனத்தொகை மூன்று வழிகளில்தான் கூடும், குறையும். பிறப்பும் இறப்பும் ஒரு வழி. வருவதும் போவதும் இரண்டாவது. எல்லைக்கோடு நகர்வது மூன்றாவது. முதல் இரண்டைப் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். மூன்றாவதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஏதோ குமாஸ்தா வேலை மாதிரி. கோவை மாநகரம் பிறந்த கதையில் அந்த மூன்றாவதுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைச் சொல்வதற்கு முன் சாவிலிருந்து தொடங்க வேண்டும்.

சென்னை மாகாணத்தில் ஒழுங்காக எடுத்த முதல் மக்கள்தொகைக் கணக்கு 1871-ல் நடந்தது. அதற்கு முன்பும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தலை எண்ணினார்கள். கர்ணம் எழுதிக் கொடுப்பதுதான் கணக்கு. 1871 அறிக்கையை எழுதியவர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், மாகாணத்தின் சுகாதார ஆணையர், ராணுவ மருத்துவர். அன்றைய கோயம்புத்தூர் மாவட்டம் பெரியது. இன்றைய திருப்பூர், ஈரோடு பகுதிகளோடு கரூரும் கொள்ளேகாலமும் அதில் அடக்கம். அங்கே அவர் கணக்குப்படி இருந்தவர்கள் 17,63,274 பேர்.

ஐந்து வருஷம்கூட முழுதாகப் போகவில்லை, தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876-78. கிழடு கட்டைகள் இன்றும் கொங்கில் 'தாது வருஷத்துப் பஞ்சத்தில அடிபட்டவனாட்ட' என்று சொல்வதைக் கேட்கலாம். நிவாரண வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று, பஞ்சத்துக்காக இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் உத்தரவு போட்டார். அதை எதிர்த்து மல்லுக்கு நின்றவர் அதே கார்னிஷ்தான். கல் உடைக்கிற மனிதனுக்கு இந்தக் கூலி உயிரைத் தாங்காது என்று மருத்துவராக வாதாடினார். பிறகு கூலி உயர்த்தப்பட்டது. மக்களை எண்ணிய மனிதரே அவர்களின் சோற்றுக்காகவும் சண்டை போட்டது வரலாற்றில் அபூர்வம். அவருக்கு ஒரு சிலை இருக்கலாம்.

1881-ல் மறுபடி எண்ணியபோது மாவட்டத்தில் 16,57,690 பேர். ஒரு லட்சத்து ஐயாயிரம் குறைவு. இதைச் செத்தவர்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பஞ்சம் இல்லாதிருந்தால் அந்தப் பத்தாண்டில் கூடியிருக்க வேண்டியவர்கள், பட்டினியில் பிறக்காமலே போன பிள்ளைகள், மலைக்கும் கடலுக்கும் அப்பால் தோட்ட வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் அந்தப் பள்ளத்துக்குள் இருக்கிறார்கள். 1891-ல் 20,04,839. பஞ்சம் முடிந்த கையோடு கல்யாணங்களும் பிரசவங்களும் சேர்ந்து வந்ததில் பத்தாண்டில் இருபது சதவீதத்துக்கு மேல் ஏற்றம். பெரும் சாவுக்குப் பின் பிறப்பு இப்படித் துள்ளி எழுவது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மாவட்டம் தேய்ந்த அதே பத்தாண்டில் கோயம்புத்தூர் ஊர் தேயவில்லை. 35 ஆயிரம் பேர் இருந்த ஊர் 39 ஆயிரத்தை நெருங்கியது. காட்டில் ஒன்றும் இல்லாதபோது ஜனங்கள் ஊரைப் பார்த்து வருவார்கள்.

அடுத்த அடி ஊருக்கே விழுந்தது. 1901-ல் 53,080 பேர் இருந்த கோயம்புத்தூரில் 1911-ல் சுமார் 47 ஆயிரம் பேர்தான். காரணம் பிளேக். 1896-ல் பம்பாயில் கிளம்பி, மைசூர் வழியாக ரயிலும் தானிய மூட்டையும் ஏறி வந்த நோய், இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது வருஷங்கள் ஊரை விட்டுவிட்டுப் பிடித்தது. எலி செத்து விழுந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்க் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். அந்தக் காலத்தில் கணக்கெடுப்பு ஒரே ராத்திரியில் நடக்கும்; அன்று ராத்திரி எங்கே படுத்திருந்தீர்களோ அங்கேதான் உங்கள் தலை எண்ணப்படும். ஆக 53-க்கும் 47-க்கும் இடையிலான ஆறாயிரத்தில் சுடுகாட்டுக்குப் போனவர்களும் உண்டு, கொட்டகைக்குப் போனவர்களும் உண்டு. ஒற்றை எண் இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அப்போது எழுந்தவை. இன்றும் விளக்கு எரிகிறது. அம்மைக்கு ஒரு மாரி இருந்தாள், இதற்கும் ஒருத்தி வந்தாள். 2021-ல் அதே ஊர்ப் பக்கம் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தபோது பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டன. கோவைக்காரர்கள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். கோயில் ஒரு பக்கம் இருக்க, நகராட்சி இன்னொரு வேலை செய்தது. டவுன்ஹால், ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி என்று நெருக்கியடித்துக்கொண்டிருந்த பழைய ஊரிலிருந்து மேற்கே அகலத் தெருக்களோடு புது விஸ்தரிப்பு ஒன்றை உண்டாக்கியது. நகராட்சித் தலைவர் ரத்தினசபாபதி முதலியார் பெயரில் அது ஆர்.எஸ்.புரம் ஆனது. ஊருக்கு வெளியே குடியிருப்பது கேவலமில்லை, ஆரோக்கியம் என்ற எண்ணம் பட்டணத்துக்காரனுக்கு அப்போதுதான் வந்திருக்க வேண்டும்.

கொங்கு விவசாயிக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தன் பக்கமே நிறுத்திக்கொள்கிற நாடு இது. நொய்யல் எப்போதும் ஓடுகிற ஆறு இல்லை. கிணறு வெட்டினால்தான் வெள்ளாமை. கிணற்றுக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால்தான் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்ட முடியும். அதனால் காவிரிக் கரை மாதிரி தெரு தெருவாகச் சேர்ந்து வாழாமல், அவரவர் தோட்டத்திலேயே சாளை போட்டு வாழ்ந்தார்கள். மேலிருந்து பார்த்தால் ஒரு பெரிய ஊரும் நடுவில் வெறும் நிலமுமாகத் தெரியாது. பாளையம், புதூர், பட்டி என்று கைக்கெட்டும் தூரத்தில் ஒவ்வொன்று. பின்னால் ஆலை வந்தபோது அது எங்கே உட்காரும் என்பதை இந்தச் சிதறல்தான் முடிவு செய்தது.

1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய பஞ்சாலைதான் ஊரின் முதல் ஆலை. ஸ்டேன்ஸ் வேறு யாருமில்லை, 1866-ல் அமைந்த நகராட்சியின் முதல் தலைவர். 1910-ல் குப்புசாமி நாயுடு லட்சுமி மில்லைத் தொடங்கினார். அதுவரை நீராவி. 1932-ல் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் இறங்கி வந்ததும் கதை மாறியது. நிலக்கரி சுமந்து வர வேண்டாம். கம்பி போகிற இடத்தில் ஆலை போகலாம். உலகமெல்லாம் மந்தம் பிடித்துக் கிடந்த அந்த 1930-களில் கோவையில் ஆலை மேல் ஆலையாக எழுந்தது. எங்கே? நகராட்சி எல்லைக்குள் இல்லை. திருச்சி சாலையில் சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர் வரை. அவிநாசி சாலையில் பீளமேடு, அதைத் தாண்டியும். முதலாளிகளில் பலர் அந்தந்த ஊரின் பருத்தி விவசாயக் குடும்பங்கள். நிலம் அவர்களுடையது, கம்போடியா பருத்தி அவர்கள் தோட்டத்தில் விளைந்தது, ஆட்கள் பக்கத்துப் பாளையத்தில் இருந்தார்கள். ஒண்டிப்புதூரில் ஓர் ஆலைக்கே கம்போடியா மில் என்று பெயர். பட்டணத்துக்குள் போய் மனை தேட அவர்களுக்கு என்ன தலையெழுத்து? சினிமாவும் அப்படித்தான் வந்தது: சென்ட்ரல் ஸ்டுடியோ சிங்காநல்லூரில் திருச்சி சாலையில் இருந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனான 'ராஜகுமாரி' 1947-ல் அங்கிருந்து வந்த படம்.

இந்த ஆலைகளுக்கு வந்த தொழிலாளியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். சங்கு ஊதினால் முதல் ஷிப்டு. அவர் சைக்கிளில் வருகிறார், அல்லது ஆலையை ஒட்டிய லைன் வீட்டிலிருந்து நடந்து வருகிறார். ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் பத்துப் பன்னிரண்டு வீடுகள், பொதுவாக ஒரு குழாய், முன்னால் ஒரு நீளத் திண்ணை. நிரந்தரம் ஆகும்வரை பதிலி. பதிலி என்றால் வாசலில் போய் நிற்க வேண்டும், யாராவது வராவிட்டால் உள்ளே விடுவார்கள். வேலை கிடைக்காத நாளில் மாமனார் தோட்டத்தில் கடலைக்காய் பறிக்கப் போய்விடுவார். மனைவி இரண்டு ஆடு வைத்திருக்கிறாள். இந்தக் குடும்பம் நகரமா, கிராமமா? 1946 ஜனவரியில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வரும் ஆலைத் தொழிலாளர்கள்தான். பெயரில் இருப்பது பட்டணமல்ல, ஒரு பாளையம்.

1941-ல் 1,30,348, 1951-ல் 1,97,755, 1961-ல் 2,86,305 என்று நகரத்தின் எண் ஏறிக்கொண்டே போனது. ஆனால் அது நகராட்சிக் கோட்டுக்குள் இருந்தவர்களின் எண் மட்டும். கோட்டுக்கு வெளியே நடந்ததைப் பார்க்க டெல்லிக்கு ஒரு புதிய கண்ணாடி தேவைப்பட்டது.

அந்தக் கண்ணாடி இரண்டு தவணையில் செய்யப்பட்டது. 1961 கணக்கெடுப்பின் ஆணையர் அசோக் மித்ரா, எதை நகரம் என்பது என்பதற்கு நாடு முழுக்க ஒரே விதியைக் கொண்டுவந்தார். நகராட்சி என்று சட்டத்தில் பெயர் இருந்தால் சரி. இல்லாவிட்டாலும் ஐயாயிரம் பேராவது இருக்க வேண்டும், நெருக்கமாக வாழ வேண்டும் (இன்றைய கணக்கில் சதுர கிலோமீட்டருக்கு 400 பேர்), உழைப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அப்படியென்றால் பஞ்சாயத்தாக இருந்தாலும் கணக்கில் அது நகரம். இந்த முக்கால்வாசியை இன்று ஆண் தொழிலாளர்களை மட்டும் வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஊர் நகரமா என்று முடிவு செய்வதில் பெண்ணின் வேலைக்கு வாக்கு இல்லை. காலையில் களை எடுத்துவிட்டு மதியம் ஜின்னிங் பேக்டரிக்குப் போகிறவளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று அதிகாரிகளுக்குக் குழப்பமாம். குழப்பமாக இருக்கிறது என்பதற்காக ஆளையே விட்டுவிடுவது நல்ல கணக்கு இல்லை.

1961-ல் பக்கத்துப் பக்கத்து நகரங்களை 'நகரக் குழு' என்று கூட்டிப் பார்த்தார்கள். அதில் இடையில் வயல்வெளி கிடந்தாலும் சேர்ந்துவிடும். அது திருப்தியாக இல்லை. 1971-ல் அதைக் கைவிட்டு நகர்த்திரள் என்ற புதிய வகையைக் கொண்டுவந்தார்கள். நடு நகரம், அதை ஒட்டி இடைவெளி இல்லாமல் வளர்ந்த மற்ற நகரங்கள், கல்லூரி வளாகம், ரயில்வே காலனி மாதிரியான புறவளர்ச்சிகள் எல்லாம் சேர்ந்து ஒன்று. சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது என்பது பொருட்டல்ல. வீடுகள் எங்கே முடிகின்றன என்பதுதான் கேள்வி.

அந்தக் கண்ணாடியில் கோயம்புத்தூரைப் பார்த்தபோது வந்த எண் 7,36,203. நகராட்சிக்குள் இருந்தவர்கள் 3,56,368. கழித்துப் பாருங்கள்: வெளியே 3,79,835. உள்ளே இருந்ததைவிட வெளியே இருந்தவர்கள் அதிகம்! கோவை மாநகரம் பிறந்த தேதி கேட்டால் எல்லாரும் 1981 என்பார்கள். என்னைக் கேட்டால் 1971. பத்து வருஷத்துக்கு முன்பே கணக்குப் புத்தகத்தில் குழந்தை பிறந்துவிட்டது. அரசாங்கம் பெயர் வைத்ததுதான் 1981-ல்.

அதே 1971-ல் இன்னொரு கேள்வியும் புதிதாக வந்தது. பிறந்த ஊர் எது என்பது பழைய கேள்வி. இதற்கு முன் கடைசியாக எங்கே குடியிருந்தீர்கள் என்பது அந்த வருஷம் சேர்ந்தது; எதற்காக வந்தீர்கள் என்பது 1981-ல். இந்தியா முழுக்க இந்தக் கேள்விக்குப் பெண்கள் சொல்லும் முதல் பதில் கல்யாணம். ஆண்கள் பெரும்பாலும் வேலை என்பார்கள். கணவனோடு வந்து மறு மாதமே நூற்பாலையில் சேர்ந்த பெண்ணும் கல்யாணக் கணக்கில்தான் போவாள். மறுபடியும் அதே குறை.

1981-ல் கோடு நகர்ந்த பிறகு திரளில் மொத்தம் 9,20,355 பேர். அதில் மாநகராட்சிக்கு வெளியே நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. ஊரும் கோடும் ஒருவழியாகப் பொருந்தின. அந்தப் பொருத்தம் முப்பது வருஷம் தாங்கவில்லை. சிறுவாணித் தண்ணீர் வருகிற இடம் மாநகராட்சி, அதற்கு வெளியே மனை மலிவு. மனை மலிவான பக்கம் வீடு போயிற்று. சரவணம்பட்டிப் பக்கம் கணினி நிறுவனங்கள் வந்தன. துடியலூர், வடவள்ளி, குனியமுத்தூர் எல்லாம் ஊரோடு ஒட்டிக்கொண்டன. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சிக்குள் 10,50,721 பேர்; திரளில் 21 லட்சத்துக்கு மேல். மறுபடியும் வெளியே இருந்தவர்கள் அதிகம். 1971-ல் நடந்தது அச்சு மாறாமல் திரும்ப நடந்தது. அரசும் அதே வைத்தியம்தான் செய்தது. அதே 2011-ல் மூன்று நகராட்சிகள், ஏழு பேரூராட்சிகள், விளாங்குறிச்சி ஊராட்சி ஆகியவற்றைச் சேர்த்து, சுமார் 105 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சியை 257 ஆக்கினார்கள். 72 வார்டுகள் 100 ஆயின. பத்தரை லட்சம் என்று அப்போதுதான் எண்ணி முடித்த எண், புது எல்லைக்குச் சுமார் பதினாறு லட்சம் ஆயிற்று.

கோடு எப்போதும் வெளியே பார்த்துத்தான் நகரும் என்றில்லை. 2004-ல் தமிழ்நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை ஒரே உத்தரவில் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றினார்கள். கிராமம் என்றால் மத்திய அரசின் ஊரக நிதி வரும். 2006-ல் எல்லாவற்றையும் திரும்பப் பேரூராட்சி ஆக்கினார்கள். இரண்டு வருஷத்தில் நகரம் கிராமமாகி, கிராமம் நகரமாயிற்று. பேருந்து நிலையமும் டீக்கடையும் இருந்த இடத்தில்தான் இருந்தன. இன்றும் ஓர் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கப் போகிறார்கள் என்றால் அந்த ஊரில் கூட்டம் போட்டு எதிர்ப்பார்கள். ஊரக வேலைத் திட்டம் போய்விடும், வீட்டு வரி கூடும். நியாயமான கவலைதான். மாநகரவாசி என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இனி பிறப்பு இந்த ஊரை வளர்க்காது. ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 பிள்ளை, அதாவது ஜனத்தொகை கூடாமலும் குறையாமலும் நிற்கப் போதுமான அளவுக்குத் தமிழ்நாடு 1990-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 2019-21 குடும்பநல ஆய்வில் 1.8. இந்த இறக்கத்துக்கு அடிபோட்டவர்களில் ஒருவர் ஆர். ஏ. கோபாலசாமி. 1951 கணக்கெடுப்பின் ஆணையர். பிறகு சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளராகி, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைக்கு ஊக்கத்தொகை கொடுக்கும் திட்டத்தை 1950-களிலேயே ஓட்டினார். எண்ணிப் பார்த்துப் பயந்துபோன அதிகாரி என்று அவரைச் சொல்லலாம். பஞ்சத்தில் சண்டை போட்ட கார்னிஷை எனக்கு அவரைவிடப் பிடிக்கிறது.

பிறப்பு நின்றால் வரத்துதான் மிச்சம். முதலில் மதுரை, தேனி, ராமநாதபுரம், சிவகங்கை. அப்புறம் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம். திருப்பூர் 1901-ல் ஆறாயிரம் பேர் இருந்த ஊர். பனியன் தொழில் வந்து, 2011-ல் அதன் திரள் ஒன்பதரை லட்சத்தைத் தாண்டியது. அவிநாசி சாலையில் கோவையிலிருந்து கிளம்பினால் எங்கே கோவை முடிகிறது, எங்கே திருப்பூர் தொடங்குகிறது என்று காட்டுவதற்குப் பெயர்ப்பலகைதான் இருக்கிறது. கோவை மாவட்டத்தில் 2011-லேயே நூற்றுக்கு எழுபத்தைந்து பேர் நகரவாசிகள். 2023-ல் பீகார்த் தொழிலாளர்களைத் தாக்குவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு ஓடிவந்தபோது, பயந்து நடுங்கியது வந்தவர்கள் மட்டுமல்ல. அவர்கள் ஊருக்குப் போய்விட்டால் தறி நின்றுவிடும் என்று முதலாளிகளும்தான்.

2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ வைத்து எண்ணப்போவதாக 2025 ஜூனில் அறிவித்தார்கள். அதற்காக 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு ஊர் எல்லைகளை மாற்றக்கூடாது என்று மாநிலங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. எண்ணி முடிக்கும்வரை கோடு உறைந்திருக்கும். அப்போது கோவையில் பார்க்க வேண்டியது மாநகராட்சி எத்தனை லட்சம் என்பதை அல்ல. திரளின் மொத்தத்திலிருந்து மாநகராட்சியைக் கழித்தால் வருகிற மிச்சத்தை. 1971-லும் 2011-லும் அந்த மிச்சம்தான் பெரிதாக இருந்தது. நூறு வார்டாக வீங்கிய பிறகும் மூன்றாவது முறையாக அது ஜெயித்தால், பல்லடம், சூலூர், அன்னூர் பக்கம் மனை வாங்கிப் போட்டவர்கள் இப்போதே வீட்டு வரி ரசீதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.